வரிசையாகச் சொல்கிறான், வாசிக்க வரவில்லை!

கேள்வி: ஒன்று முதல் மூன்று வகுப்பு வரை ஒரே அறையில் 22 பிள்ளைகள், நான் ஒருத்தி. மூன்றாம் வகுப்புப் பையன் ‘க, கா, கி’ ஒப்பிக்கிறான். ‘கூடு’ என்று எழுதிக் காட்டினால் விழிக்கிறான். என்ன செய்யலாம்?
– ஆசிரியை, ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி

பதில்: அவன் சொல்வது பாட்டு. ‘கூ’ எது என்று கேட்டுப் பாருங்கள், ‘க’விலிருந்து எண்ணிக்கொண்டே வருவான். ட, ப, ம, க, ல, ட், ம், ல் எட்டையும் அட்டையில் எழுதிக் கலைத்துப் போடுங்கள். படம், பட்டம், கடல், மடல் என அவனே அடுக்கட்டும். தினம் 10 நிமிடம் போதும். அடுத்து கால் சேர்த்த எழுத்துகள். கொம்பு கடைசியில்தான்: எழுத்தில் முன்னால் நிற்பது ஒலியில் பின்னால் வருவதால் ‘கெ’, ‘கொ’ குழப்பும். அந்த 10 நிமிடம் மற்றவர்களுக்கு எழுத்துவேலை. வருகைப்பதிவு தவிர்த்த எமிஸ் (பள்ளி விவரங்களைப் பதியும் அரசு இணையதளம்) வேலைகள் மாலைவரை காத்திருக்கட்டும்!