மரம் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?

அக்கா, மெடிசினுக்கு மகள்ர இசட் ஸ்கோர் (கம்பஸ் எடுக்கப் பாக்கிற ஏஎல் புள்ளி) போதாமப் போயிட்டு, இப்ப அவ மரங்கள்ர ஜெனடிக்ஸ் (மரபியல்) படிக்கப் போறன் எண்டு நிக்கிறா, படிச்சு முடிச்சா வேலை இல்லாம வீட்டுலதான் இருக்கணும் எண்டு எழுதியிருந்தீங்க. பயம் நியாயந்தான், மர ஜெனடிக்ஸ் எண்டே பேர் போட்டு வேலை விளம்பரம் வாறது குறைவு.

ஆனா அவ கேக்கிறது விளையாட்டு விஷயம் இல்லக்கா. நம்மட வாவிக்கரையில உப்புத்தண்ணிச் சேத்துல நிக்கிற கண்டல் மரத்த எடுங்க, அதுல ரைசோபோரா அபிகுலேட்டா, மியூக்ரோனேட்டா எண்டு கிட்டத்து இனம் ரெண்டு இருக்கு, ரெண்டும் ஒண்டா நிக்கிற சில இடத்துல கலப்பினம் வருது, தமிழ்நாட்டு பிச்சாவரத்துல கண்டதுக்கு அண்ணாமலையானா எண்டு பேர். இலை, பூ எல்லாம் ரெண்டுக்கும் இடைப்பட்ட மாதிரி இருக்கும், காய் பிடிக்கிறது குறைவு, நிச்சயமா சொல்ல டீஎன்ஏ பாக்கணும். சுனாமிக்கு மறுகா கண்டல் நட்டு கனக்க இடத்துல செத்துப்போச்சு, அது பெரும்பாலும் இடம் பிழைச்சதால, ஆனா நட்டதெல்லாம் ஒரே தாய் மரத்துக் காய் எண்டா அதுவும் பிரச்சினைதான், எல்லாம் சகோதரங்கள், ஒரு நோய் வந்தா ஒண்டாப் போயிரும்.

வேலைக்கு வாறன். மரத்தப் பாக்காதீங்க, கையில வாற தொழிலப் பாருங்க, டீஎன்ஏ பிரிக்கிறது, பீசீஆர் (டீஎன்ஏ துண்ட பல மடங்கு பெருக்கிறது), டேட்டாவ கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாக்கிறது. கன்னொறுவ தாவர மரபுவள நிலையம், லுணுவில தென்னை ஆராய்ச்சி, தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி எல்லாத்துலயும் இந்த மாதிரி வேலை இருக்கு. ஆஸ்பத்திரி லாப்ல எடுப்பாங்க எண்டு மட்டும் நினைக்காதீங்க, அது எம்எல்டி (மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பம்) படிச்சவங்கட இடம்.

வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்துல சயன்ஸும் இருக்கு, விவசாய பீடமும் இருக்கு. காடுதான் வேணும் எண்டு நிண்டா ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்துல வனவியல், சுற்றாடல் விஞ்ஞானத்துக்கு தனித் துறையே இருக்கு. என்னக் கேட்டா விவசாயம், ஏனெண்டா தாவர இனவிருத்தியும் படிக்கலாம், மறுகா விவசாய சேவைப் பரீட்சையும் எழுதலாம். யூஜிசி (பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு) ஃபோர்ம்ல விருப்ப ஒழுங்க அவவே போடட்டும், நீங்க பக்கத்துல இருந்தாக் காணும்.

ஒண்டு மட்டும் அவட்ட கேளுங்க, ஸ்டட்ஸ் (புள்ளிவிபரவியல்) பிடிக்குமா எண்டு. சேத்துல இறங்கிற நாள் கொஞ்சம், மிச்சமெல்லாம் லாப்பும் கம்ப்யூட்டரும்தான்.