ஞாயிறு ஓட்டமும் வீட்டுச் சோலியும்: கேளுங்கள், சொல்கிறேன்

கிளிநொச்சியில் கராச் வைத்திருக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஒரு சுற்றுப் போய் வருவது பல வருடப் பழக்கம். எப்படி ஒழுங்கு செய்கிறீர்கள் என்று ஆளுக்கொரு பக்கம் கேட்பதால் இன்றைக்கு ஒரேயடியாகக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பின்னேரம் வரைக்கும் இருப்பேன். பொலிஸ் தண்டம், வழக்கு பற்றிக் கேட்காதீர்கள், நான் மெக்கானிக்.

நாங்கள் எட்டுப் பேர் அண்ணை. எந்த ஞாயிறைப் பிடித்தாலும் யாராவது ஒருவருக்கு வீட்டில் விசேசம். எப்படித்தான் நாள் குறிப்பது? (புதுக்குடியிருப்பு)

முதலில் கேள்வியை மாற்றுங்கள் தம்பி. "எப்ப வசதி?" என்று கேட்டால் எட்டுப் பேரும் "எப்பவும் ஓகே மச்சான்" என்பார்கள், சனி இரவு ஒன்பது மணிக்கு ஒவ்வொருத்தனாக போன் எடுப்பான். நான் கேட்பது "எந்த இரண்டு ஞாயிறு கட்டாயம் வர ஏலாது?" என்றுதான். அதையும் அவனிடம் கேட்பதில்லை, வீட்டில் கேட்டு வந்து சொல்லச் சொல்வேன். பெரியப்பாவின் ஆண்டுத்திவசம், மச்சாளின் பிள்ளை பிறந்த முப்பத்தொன்றாம் நாள், பக்கத்து வீட்டுக் குடிபூரல், இதெல்லாம் ஆம்பிளைகளின் தலையில் நிற்காது. மனிசிமாருக்கும் அம்மாமாருக்கும் ஆறு மாதத்துக்கு மனப்பாடம்.

பிறகு ஊர் நாட்களை வெட்டுங்கள். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல் திங்கட்கிழமை, முதல் நாள் ஞாயிறு முள்ளியவளைக் காட்டா விநாயகர் பொங்கல், அந்தப் பக்கம் றோட்டில் சனம்தான் ஓடும், பைக் ஓடாது. ஓகஸ்ட் 15 மடுத் திருவிழா, கத்தோலிக்கப் பொடியள் அந்தக் கிழமை முழுக்க வரமாட்டார்கள். தை கடைசியிலிருந்து மாசி வரை காலபோக அறுவடை. வயல் உள்ளவனுக்கு மெசின் எப்போது கிடைக்குமோ அப்போதுதான் வெட்டு, அவனிடம் நாள் கேட்பதே பாவம். றோட்டிலும் பாதிக்கு நெல் காயும். ஓரத்தில் கல் அடுக்கியிருப்பார்கள், அந்தக் கல்லில் சில்லு ஏறினால் ஆள் நேராக நெல்லுக்குள்தான். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. மிச்சம் இருப்பதில் நாள் குறியுங்கள், எட்டில் ஐந்து பேர் சரியென்றால் போதும். எட்டுப் பேரும் சேரட்டும் என்று காத்திருந்தால் யாராவது ஒருவரின் செத்தவீட்டில்தான் எல்லோரும் ஒன்றாகச் சந்திப்பீர்கள்.

இன்னொன்று. வர ஏலாதவன் வெள்ளி பின்னேரத்துக்குள் சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. "மனிசிக்குப் பயமோ?" என்று ஒரு முறை பகிடி விட்டால் அடுத்த முறை அவன் பொய்தான் சொல்வான்.

கிளிநொச்சியிலிருந்து அரை நாளில் திரும்பக்கூடிய பாதை ஒன்று சொல்லுங்கோ.

பரந்தன், தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு. அங்கிருந்து ஒட்டுசுட்டான் வழியாக மாங்குளம், பிறகு ஏ9 பெருந்தெருவில் வீடு. எல்லாம் சேர்த்து 150 கிலோமீற்றருக்குள் முடியும். ஐந்தரைக்கு வெளிக்கிட்டால் ஏழரைக்கு முல்லைத்தீவுக் கடற்கரையில் இடியப்பமும் சம்பலும் சாப்பிடலாம். எந்தப் பக்கத்தால் சுற்றினாலும் போகும்போது காலை வெயில் கண்ணுக்குள்தான் குத்தும், அதற்கு நான் செய்வது விசுவமடுவில் ஒரு பிளேன்ரீ குடித்து சூரியன் கொஞ்சம் மேலே ஏறும் வரை நிற்பது. திரும்பும்போது ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிடலாம். முறிகண்டியில் நிற்காமல் வந்த ஒருவனையும் நான் கண்டதில்லை. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, வீட்டுக்குக் கச்சான் சரை வாங்குங்கள். பத்துப் பேர் போன ஓட்டத்தில் வெறுங்கையோடு திரும்பியவன் யாரென்று அடுத்த மாதமே தெரிந்துவிடும், அவன் வரமாட்டான்.

பன்னிரண்டு மணிக்குள் வீடு. ஞாயிறு பன்னிரண்டிலிருந்து ஒன்றரை எமகண்டம், நாலரையிலிருந்து ஆறு ராகு காலம். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை, அம்மாவுக்கு இருக்கிறது, அதனால் எங்கள் நேர அட்டவணையை அம்மாதான் போட்டார். யோசித்துப் பார்த்தால் நல்ல அட்டவணை. மத்தியானச் சோறு எல்லோருக்கும் வீட்டில்.

சனி இரவே வெளிக்கிட்டால் ஞாயிறு முழுக்க வீட்டுக்குக் கிடைக்குமே அண்ணை?

வேண்டாம். இரவில் தார் சூடாக இருக்கும், மாடுகள் றோட்டின் நடுவில் வந்து படுக்கும். கறுத்த மாடு, கறுத்த றோட்டு. எதிரே லைட் இல்லாத லாண்ட்மாஸ்டர், அதுதான் இரண்டு சில்லு உழவு மெசின், வரும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் யானையும் இறங்கும். மாட்டில் மோதி வந்த வண்டிகள் இப்போதும் இரண்டு என் கராச்சில் நிற்கின்றன. ஒன்றின் முன் போர்க் பிறை மாதிரி வளைந்து, டாங்கில் மாட்டு மயிர் ஒட்டிக் காய்ந்திருக்கிறது.

என் மனிசியும் வரப்போகிறாவாம், டியோ ஸ்கூட்டரில். பல்சர்களோடு அவவால் ஓட ஏலுமா?

ஏன் ஏலாது? மெதுவான வண்டியைக் கடைசியில் விடுவதுதான் எல்லோரும் விடுகிற பிழை. முன்னால் போகிறவனுக்கு அடுத்ததாக அவவை விடுங்கள், முழுக் கூட்டமும் அவவின் வேகத்தில் போகும். கடைசியில் அனுபவம் உள்ள ஒருவன், அவனிடம் பிளக் சாவியும் ரியூப் ஒட்டும் சாமானும். சின்னச் சில்லு என்பதால் குழிகளில் கவனம். ஹெல்மெட்டின் வார் கட்டாயம் பூட்ட வேண்டும், கொண்டை குழம்பும் என்ற கதை வேண்டாம்.

கனடாவிலிருந்து ஓகஸ்டில் வருகிறேன். வாடகைக்கு பைக் எடுத்து உங்களோடு ஓடலாமா?

வாருங்கள். உங்கள் நாட்டு லைசென்ஸ் செல்லுமா என்பதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேளுங்கள். ஓகஸ்டில் சோளகக் காற்று அடிக்கும். பூநகரிப் பக்கம் சங்குப்பிட்டிப் பாலத்தில் காற்று பக்கவாட்டில் வந்து வண்டியைத் தள்ளும், அங்கே படம் எடுக்க ஒரு கையை விட்டு ஓடாதீர்கள்.

பின்னேரம் நாலுக்கு வெளிக்கிட்டு இரவு பத்துக்கு வந்தால்?

மாடு.

எனக்கு அறுபத்தெட்டு வயது. ஹொண்டா எம்டி 90 மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறேன். பொடியளோடு ஓட விடுவீர்களா? (ஒட்டுசுட்டான்)

ஐயா, நீங்கள் முன்னால் போங்கோ, நாங்கள் பின்னால் வருகிறோம். ஜப்பானில் தபால்காரர்களுக்கென்று செய்த வண்டி அது, கிளச் பிடிக்காமல் கியர் மாற்றும், வன்னியில் அது செய்யாத வேலை இல்லை. யுத்தத்தின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலைக் கண்ணில் காண முடியாதபோது மண்ணெண்ணெயில் ஓடியதும் அதுதான். இளசுகளுக்காகச் சொல்கிறேன்: மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. அதனால் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயை இழுக்க விடுவது. புகை அப்படிப் போகும், பிளக்கில் கரி பிடிக்கும், அடிக்கடி கழற்றிச் சுரண்ட வேண்டும். துளி பெற்றோலை காபரேட்டரின் வாயில் விடுவோம்.

இடையில் ஒரு சொல் அண்ணை. காபரேட்டரில் இல்லை, பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டைக்குள் விடுவதுதான் முறை. (முள்ளியவளை)

அதுவும் செய்தார்கள், ஆனால் அது ஸ்டார்ட் ஆகாமல் அடம் பிடிக்கிற வண்டிக்குச் செய்வது. ஒவ்வொரு முறையும் பிளக்கைக் கழற்றினால் புரி போய்விடும்.

எங்கள் புரி ஒன்றும் போகவில்லை. காபரேட்டரில் விட்டால் பாதி வெளியே ஒழுகும். அந்த நாளில் ஒரு துளி என்ன விலை என்று உங்களுக்குத் தெரியுமோ?

தெரியும் ஐயா, அப்போது நான் சின்னப் பொடியன், என்றாலும் துளி விட்டதே நான்தான். அப்பா உதைப்பார், நான் குந்தியிருந்து சின்ன மருந்துப் போத்தலின் மூடியால் அளந்து விடுவேன். அரை மூடி. சிந்தினால் குட்டு. ஒழுகியதென்றால் விட்டவரின் கை நடுங்கியிருக்கும், காபரேட்டரில் குற்றம் இல்லை.

இரண்டு பேரும் நிறுத்துங்கோ. எங்கள் வீட்டில் போத்தல் பிடித்தது நான். இடுப்பில் பிள்ளை, மற்றக் கையில் போத்தல். அவர் சொன்ன இடத்தில் விட்டேன், ஒரு நாள் காபரேட்டர், ஒரு நாள் பிளக். இரண்டிலும் ஸ்டார்ட் ஆகாத நாள் தள்ளியதும் நான்தான். (விசுவமடு, ஓய்வு பெற்ற ஆசிரியை)

ரீச்சர் சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. 2002இல் ஏ9 திறந்த பிறகுதான் அந்தப் போத்தல் எங்கள் வீட்டு முகட்டிலிருந்து இறங்கியது. முள்ளியவளை ஐயாவும் அடுத்த ஓட்டத்துக்கு வாருங்கள், பிளக் சாவியோடு.

வழியில் பெற்றோல் முடிந்தால்? போத்தலில் கொண்டு போகலாமா?

150 கிலோமீற்றருக்கு மூன்று, மூன்றரை லீற்றர் போதும், டாங்க் நிரப்பிக்கொண்டு வந்தால் போத்தல் எதற்கு? 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீடு தொடங்கியபோது பைக்குக்குக் கிழமைக்கு நாலு லீற்றர்தான் தந்தார்கள். அந்த மாதங்களில் ஓட்டமே இல்லை, இருந்த பெற்றோல் பிள்ளைகளை ரியூசனுக்கு ஏற்றத்தான் காணும்.

பழைய ரயரோடு வரலாமா? பூ இன்னும் இருக்கிறது.

பூவை, அதாவது ரயரின் மேல் வெட்டை, மட்டும் பார்க்காதீர்கள். ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017இன் இருபத்துமூன்றாவது கிழமை செய்தது. வண்டி இறக்குமதி 2020இல் நின்ற பிறகு பழைய வண்டிகளைத்தான் ஒட்டி ஒட்டி ஓடினோம், ரயரையும் அப்படியே ஓடினோம். வெயிலில் நின்ற ரயர் பூ இருந்தாலும் இறுகி வெடித்திருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள். செயினையும் நடுவில் தூக்கிப் பாருங்கள், இரண்டு மூன்று சென்ரிமீற்றர் ஆட்டம் இருக்க வேண்டும். கொண்டு வந்து காட்டினால் நான் பார்த்துத் தருகிறேன், காசு வேண்டாம்.

நாள் எப்படிக் குறிப்பது அண்ணை, எங்களுக்குள் சரிவரவில்லை.

மேலே முதல் கேள்வி.

என் கணவர் ஒவ்வொரு ஞாயிறும் "ஓட்டம்" என்று வெளிக்கிடுகிறார். மகளுக்கு எட்டு மணிக்கு ரியூசன், புலமைப்பரிசில் பரீட்சை வருடம். நான் யாரிடம் சொல்வது?

தங்கச்சி, எங்கள் ஓட்டம் மாதத்தில் ஒன்றுதான். மற்ற மூன்று ஞாயிறும் அவர் எங்கே போகிறார் என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும். அந்த ஒரு ஞாயிறும் மகளை ரியூசனுக்கு ஏற்றும் ஒழுங்கைச் செய்துவிட்டுத்தான் அவர் வர வேண்டும், அண்ணனிடம் சொல்லியோ ஓட்டோ பிடித்தோ. இல்லையென்றால் எட்டுக்குப் பிறகு வெளிக்கிட்டு முறிகண்டியில் எங்களைப் பிடிக்கட்டும், திரும்பும்போது அங்கே தேங்காயோடு நிற்போம். ஒரே பைக்கில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு ரியூசனுக்குப் பறப்பதை மட்டும் இரண்டு பேரும் நிறுத்துங்கள்.

நந்திக்கடல் பக்கம் றோட்டை விட்டு இறங்கிப் பற்றைக்குள்ளால் ஓடினால் நல்ல வீடியோ எடுக்கலாம் என்று ஒரு யோசனை.

இல்லை. மிதிவெடி அகற்றும் வேலை வடக்கில் இன்னும் முடியவில்லை. சிவப்புப் பலகை இல்லை என்பதற்காக நிலம் சுத்தம் என்று நினைக்காதே. ஊர்ச் சனம் தினமும் நடக்கிற பாதையில் மட்டும் ஓடு, வீடியோ றோட்டில் எடு.

நிலவு வெளிச்சத்தில் ஓடினால் மாடு தெரியும்தானே?

உங்களுக்கு மாடு தெரியும். மாட்டுக்கு உங்களைத் தெரிய வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

கடைசிக் கேள்வி அண்ணை, இன்றைக்கு ஞாயிறு, வானமும் நல்ல வெளிப்பு. நீங்கள் ஏன் ஓடாமல் இதில் இருக்கிறீர்கள்?

நேற்று தங்கச்சியின் மகளுக்குச் சாமத்தியவீடு. வாடகைக்கு எடுத்த கிடாரம் மூன்றும் கதிரை நூறும் என் முற்றத்தில் கிடக்கின்றன, திருப்பி ஏற்றிப்போக லாண்ட்மாஸ்டர் காலை எட்டுக்கு வரும் என்றார்கள். இப்போதுதான் ஒழுங்கைக்குள் சத்தம் கேட்கிறது. போகிறேன்.