.22 இலக்குத் துப்பாக்கிக்கு எந்த ரெட் டாட் வாங்கலாம்?

பொழுதுபோக்காக இலக்கைச் சுடும் .22 (0.22 அங்குலக் குண்டு) கைத்துப்பாக்கிக்கு விலை உயர்ந்த ரெட் டாட், அதாவது ஒளிப்புள்ளியைக் காட்டிக் குறிபார்க்க உதவும் கருவி, தேவையா, புள்ளி எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் என்னைப் போல நாற்பதைக் கடந்தவர், குழல் முனையில் இருக்கும் முன்குறி கண்ணுக்கு மங்கத் தொடங்கியதால் இந்தக் கேள்விக்கு வந்தவர் என்றே எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் கடைக்குப் போவதற்கு முன் கண் மருத்துவரிடம் போங்கள். நான் முதலில் கடைக்குத்தான் போனேன்.

ஓஹாயோவில் எங்கள் ஊர்ச் சுடுதளத்தில், ரூகர் மார்க் 4 துப்பாக்கியால் பெரும்பாலும் 25 கஜத் தொலைவில் காகித இலக்கைச் சுடுபவன் நான். வெள்ளெழுத்து வந்த பிறகு பின்குறி, முன்குறி, இலக்கு மூன்றையும் சமாளிக்கக் கண்ணால் முடியவில்லை. ரெட் டாட்டில் சிறிய எல்.இ.டி. விளக்கின் ஒளி வளைந்த கண்ணாடியில் பட்டு இணைகதிர்களாகத் திரும்புவதால், புள்ளி இலக்கின் மேலேயே இருப்பதுபோலத் தெரியும். பார்வையை இலக்கை விட்டு எடுக்க வேண்டியதில்லை. இதை நம்பித்தான் 3 எம்.ஓ.ஏ. புள்ளி உள்ள ஒன்றை வாங்கி மாட்டினேன் (எம்.ஓ.ஏ. என்பது புள்ளியின் அளவைச் சொல்லும் கோண அலகு, ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு). வட்டமாக இருக்க வேண்டிய புள்ளி, வியர்வையில் வழிந்த குங்குமம்போல ஒரு பக்கமாக இழுபட்டுத் தெரிந்தது.

பழுதான பொருள் என்று திருப்பிக் கொடுக்கப் போனேன். கடைக்காரர் அதன் வழியே பார்த்துவிட்டு, தமக்கு வட்டமாகத்தான் தெரிகிறது என்றார்; நான் அதை வியாபாரப் பேச்சாக எடுத்துக்கொண்டேன். விலையில் 15 விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுத்தார்கள் என்பது இன்றும் உறுத்துகிறது. வேறொரு நிறுவனத்தின் ரெட் டாட்டிலும் அதே குங்குமம் வழிந்தபோது, சுடுதளத்தில் இருந்த முதியவர் ஒருவர் அதைக் கைப்பேசியால் படம் எடுத்துக் காட்டினார். படத்தில் புள்ளி உருண்டையாக இருந்தது. என் வலக்கண்ணில் சிலிண்டர் பவர், அதாவது ஒளி ஒரே புள்ளியில் குவியாமல் உருவம் இழுபட்டுத் தெரியும் பார்வைக் குறை, இருந்திருக்கிறது. மருந்துக்கடையில் வாங்கிய ஆயத்தக் கண்ணாடியோடு காலம் தள்ளியதால் எனக்கு அது தெரியவே இல்லை.

புள்ளி சிறியதாக இருந்தால்தான் துல்லியம் என்பதை நான் முழுதாக ஏற்கவில்லை. 25 கஜத்தில் 1 எம்.ஓ.ஏ. ஏறக்குறைய கால் அங்குலம்; அங்கே 6 எம்.ஓ.ஏ. புள்ளி ஒன்றரை அங்குலத்தை மறைக்கும். அமெரிக்கப் புல்ஸ்ஐ போட்டியின் 25 கஜ வேகச் சுடு இலக்கில் பத்து மதிப்பெண் தரும் நடு வளையத்தின் விட்டம் 3.36 அங்குலம் என்பதால் அந்த அளவு தாராளமாகப் போதும். கையின் நடுக்கமும் அதில் குறைவாகவே கண்ணில் படும். 50 கஜத்தில் அதே புள்ளி வளையம் முழுவதையும் கிட்டத்தட்ட மூடிவிடுமாதலால் அங்கு 3 நல்லது. எதுவானாலும் வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள். கூட்டினால் சிறிய புள்ளியும் பூத்துப் பெரிதாகிவிடும்.

விலையைப் பற்றிச் சொன்னால் சிலர் சண்டைக்கு வருவார்கள். தற்காப்புத் துப்பாக்கியைப் பற்றி நான் பேசவில்லை. அங்கே ரெட் டாட், சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் மேற்பாகமான ஸ்லைடின் மேல் அமர்ந்து, ஒவ்வொரு குண்டுக்கும் அடிபடுவதால் உறுதிக்குப் பணம் கொடுப்பது நியாயம். மார்க் 4 துப்பாக்கியில் போல்ட் எனப்படும் நகரும் பாகம் உள்ளேயே ஓடுகிறது, ரெட் டாட் பொருத்தும் மேற்பகுதி அசைவதில்லை; .22 குண்டின் உதைப்பும் சிறிது. ஆகவே நடுத்தர விலையே போதும். பேட்டரி மேலிருந்தோ பக்கவாட்டிலோ மாற்றக்கூடியதாக இருக்கட்டும். அடியில் இருந்தால் ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டி, குறி சரியாக இருக்கிறதா என்று மறுபடியும் சுட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஒலிம்பிக் முறையிலான ஐ.எஸ்.எஸ்.எஃப். (பன்னாட்டுச் சுடுதல் கூட்டமைப்பு) கைத்துப்பாக்கிப் போட்டிகளில், முன்குறியும் பின்குறியும் மட்டும் கொண்ட திறந்த குறிகளுக்கு மட்டுமே அனுமதி உண்டு. அந்தப் பக்கம் போகும் எண்ணம் இருந்தால், பழைய குறிகளைக் கழற்றி எங்கேயாவது போட்டுவிடாதீர்கள்.