அண்ணன் போட்ட பீலி

கேள்வி: அக்கா, என் கணவரின் தங்கச்சி வருகிற தை மாதம் புது வீட்டில் பால் காய்ச்சுகிறாள். தோட்டத்து வரிசை வீடான லயத்திலேயே பிறந்து, லயத்திலேயே கல்யாணம் கட்டிப் போனவள்; இப்போதுதான் ஏழு பேர்ச் நிலத்தில் தனி வீடு கிடைத்திருக்கிறது. அண்ணன் முறைக்குக் கண்ணாடி அலுமாரி ஒன்று வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று இவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். ஹட்டனில் போய் பார்த்தும் வைத்துவிட்டார். கையில் இருப்பது 15,000 ரூபாய், மீதி தவணைக்கு. எனக்கு மனசு வரவில்லை. எங்கள் கல்யாணத்துக்கு வந்த ஒன்பது சுவர்க் கடிகாரங்கள் இன்னும் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. அந்தச் சின்ன வீட்டில் அலுமாரியை வைத்தால் பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து படிக்கும்? இதைச் சொன்னால், "சபையில வெறுங்கையோட நிக்கச் சொல்றியா?" என்று சண்டைக்கு வருகிறார். என்ன கொடுக்கலாம்? இன்னொன்றும் கேட்க வேண்டும். அம்மாவுக்குத் தீபாவளிக்குத் தீபாவளி சேலை எடுத்துக் கொடுக்கிறேன். உடுத்துவதே இல்லை, எல்லாம் டிரங்குப் பெட்டிக்குள் போகிறது.
– பெயர் வேண்டாம், லிந்துலை

பதில்: தங்கச்சி, முதலில் உங்கள் கணவர் பக்கம் ஒரு வார்த்தை பேசிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். அவர் கேட்பது நியாயம். பால் காய்ச்சுகிற வீட்டில் அண்ணன்காரன் என்ன கொண்டுவந்தான் என்று ஊர் பார்க்கத்தான் செய்யும். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் அடுப்பும் படுக்கையும் சாமி படமும் ஒன்றாகக் கிடந்த காலத்தில், யார் வீட்டிலாவது ஒரு அலுமாரி வந்து இறங்கினால் லயமே இஸ்தோப்புத் திண்ணையில் நின்று பார்க்கும். அதைப் பார்த்து வளர்ந்த மனிதருக்குத் தன் தங்கச்சி வீட்டில் கண்ணாடி அலுமாரி நிற்க வேண்டும் என்று ஆசை வராமல் இருக்குமா? சாமானைக் குறை, குறை என்று இப்போது வீடியோ போட்டு உபதேசம் செய்கிறவர்கள் எல்லாம் வாங்கி வாங்கிச் சலித்தவர்கள். நம் ஆட்களுக்குச் சலிக்கிற அளவுக்கு எதுவும் வந்து குவிந்ததில்லை. ஆகவே அந்த வீடியோவை அவரிடம் காட்டாதீர்கள். சண்டை பெரிதாகும்.

ஆனால் அவர் ஒரு இடத்தில் குழம்பியிருக்கிறார். சபைக்குக் கொடுப்பது வேறு, வீட்டுக்குக் கொடுப்பது வேறு. சபை அரை நாளில் கலைந்துவிடும். பந்தி முடிந்து, வெற்றிலை போட்டு, பஸ்ஸைப் பிடிக்கப் போய்விடுவார்கள். அந்த அரை நாளுக்காக வாங்கின சாமானோடு இருபது வருஷம் குடியிருக்கப் போகிறவள் உங்கள் நாத்தனார். இரண்டையும் ஒரே அலுமாரியில் அடைக்கப் பார்ப்பதால்தான் 15,000 போதாமல் தவணைக்குப் போகிறது.

சபைக்கு என்ன வேண்டும் என்பது நம் பெரியவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. சீர்த் தட்டில் இருப்பதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்: தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், சீனி, பூ. புது வீடு என்றால் அரிசியும் உப்பும் பருப்பும். ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் தட்டைத் தவிர ஒன்றும் மிஞ்சியிருக்காது. தட்டும் கொண்டுவந்தவர் வீட்டுக்கே திரும்பிப் போயிருக்கும். சபை நிறைய இருக்கும், வீட்டில் இடம் பிடிக்காது. கடிகாரமும் கண்ணாடிக் கோப்பை செட்டும் பூச்சாடியும் அந்தத் தட்டுக்குள் எப்போது நுழைந்தன என்று எனக்குத் தெரியாது. கடைக்காரர்கள் பளபளப்புத் தாளில் சுற்றிக் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் இருக்கும் என்பது என் ஊகம். தேங்காயைத் தாளில் சுற்ற முடியாதே.

ஆகவே ஒன்பது தட்டோ பதினொரு தட்டோ வையுங்கள். கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். தட்டு நடுவே பால் காய்ச்சுவதற்கு ஒரு நல்ல பித்தளைப் பானை. பொருளாக நிற்கப்போவது அது ஒன்றுதான். அதுவும் பொங்கலுக்குப் பொங்கல் அடுப்பேறும், பரணில் தூங்காது. உங்கள் கணவர் வேட்டி கட்டி அந்தப் பானையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்கட்டும். வெறுங்கை என்று எவன் சொல்வான்?

இப்போது வீட்டுக்கு வருவோம். நாத்தனாருக்கு ஒரு போன் போடுங்கள். "என்ன வேணும்?" என்று கேட்காதீர்கள். "ஒண்ணும் வேணாம் அண்ணி, வந்தாப் போதும்" என்றுதான் சொல்வாள். "வீட்டுல இன்னும் என்ன வேல முடியல?" என்று கேளுங்கள். புது வீட்டுக்காரியிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் அரை மணி நேரம் நிறுத்த மாட்டாள். அடுப்படியில் மேடை இல்லை, குசினி வாசலுக்குப் படி கட்டவில்லை, பின்பக்கம் மண் சரிகிறது, கூரை ஓரத்தில் மழைத்தண்ணீரைப் பிடித்து வடிக்கிற பீலி போடவில்லை. அதில் உங்கள் பணத்துக்கு அடங்குவது எதுவோ, அதுதான் பரிசு.

எனக்குக் கேட்டால் பீலி என்பேன். தோட்டத்தில் கட்டிக் கொடுக்கிற தனி வீடுகள் பெரும்பாலும் 550 சதுர அடி. அந்த அளவு கூரையில் ஓர் அங்குல மழை விழுந்தால் ஏறத்தாழ 1,300 லீட்டர் தண்ணீர் சேரும். லிந்துலையில் ஜூன், ஜூலையில் மழை எப்படிப் பிடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். பீலி இல்லாத வீட்டில் அவ்வளவு தண்ணீரும் தாழ்வாரத்திலிருந்து நேரே அடித்தளத்தின் ஓரத்தில் கொட்டும். சரிவில் வெட்டி எடுத்த நிலம், மண் அரிக்கும், சுவர் ஓதம் ஏறும், உள்ளே துணியெல்லாம் பூஞ்சணம் பிடிக்கும். பீலி போட்டு, அந்தத் தண்ணீரைக் குழாய் வழியே வடிகால் கானுக்குக் கொண்டுபோய் விட வேண்டும். சரிவிலேயே திறந்துவிட்டால் கீழ் வீட்டுக்காரர்கள் தலையில் மண்ணை இறக்கியது போல் ஆகிவிடும். குழாய் முனையில் ஒரு பீப்பாய் வைத்தால் துணி துவைக்கத் தண்ணீர். இதற்கெல்லாம் வீட்டுக்குள் ஒரு அங்குலம்கூட இடம் வேண்டாம்.

15,000த்துக்கு நாலு பக்கமும் வராமல் போகலாம். முன்பக்கம் மட்டும் போடுங்கள், மற்றது அடுத்த வருஷம். மேஸ்திரி பாஸ் ஒருவரைப் பிடித்து, உங்கள் கணவரே ஞாயிற்றுக்கிழமை கையாளாக நின்றால் ஓர் ஆள் சம்பளம் மிச்சம். மழை நாளில் தங்கச்சி கதவைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் 'அண்ணன் போட்ட பீலி' என்று நினைப்பாள். கண்ணாடி அலுமாரியைத் துடைக்கும்போது என்ன நினைப்பாள் என்பது நம் எல்லாருக்கும் தெரியும்.

இதைச் சபையில் எப்படிக் காட்டுவது என்று அவர் கேட்பார். மொய்ப் புத்தகம் எதற்கு இருக்கிறது? எழுதுகிறவரிடம் சொல்லி, 'அண்ணன் சீர்: பித்தளைப் பானை, பதினொரு தட்டு, வீட்டுக்குப் பீலி' என்று முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். வாசித்துச் சொல்கிற வழக்கம் உங்கள் பக்கம் இருந்தால் சத்தமாக வாசிக்கட்டும். வந்தவர்கள் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்ப்பார்கள். அலுமாரிக்குக்கூட அவ்வளவு கழுத்து திரும்பாது.

அந்த அலுமாரியைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. கண்ணாடி அலுமாரி வெறுமையாக நிற்க முடியாத சாமான். அதற்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இன்று நீங்கள் அலுமாரி கொடுத்தால், நாளை வருகிறவர்கள் எல்லாம் அதற்குள் வைக்க பொம்மையும் கோப்பையும் கொண்டுவருவார்கள். தவிர, அமுக்கின பலகையில் செய்தது என்றால் நம் ஊர் ஈரத்துக்கு இரண்டு மழைக்காலத்தில் கால் உப்பிவிடும். தவணை மட்டும் உப்பாமல் கொள்ளாமல் அப்படியே இருக்கும்.

பீலி வேண்டாம், அதை வேறு யாரோ செய்கிறார்கள் என்றால், 12.5 கிலோ கேஸ் சிலிண்டரை நிரப்பி வையுங்கள். பால் பொங்கின அடுப்பில் இரண்டு மாதச் சமையல். பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் போகிறான் என்றால் மூன்று மாதத்துக்கு சீசன் டிக்கெட் காசு. கைப்பிள்ளை இருந்தால் அதன் பேரில் சேமிப்புக் கணக்கு; தேசிய சேமிப்பு வங்கிக் கணக்கைத் தபால் கந்தோரிலேயே நடத்தலாம், டவுனுக்கு அலைய வேண்டியதில்லை. தங்கமும் இடம் பிடிக்காது என்று யாராவது சொல்வார்கள். இன்றைய விலையைக் கேட்டுவிட்டு வந்து சொல்லச் சொல்லுங்கள்.

கன்றும் கொடுக்கலாம், ஆனால் யோசித்துக் கொடுக்க வேண்டும். ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீடு போக 1,350 அடி மிஞ்சுகிறது என்று கணக்கு சொல்லும். ஆனால் பாதை, கான், மலசலகூடம், சரிவு எல்லாம் போனால் கையகலம்தான். அங்கே பெரிய மரம் வைத்துவிட்டுப் பத்து வருஷம் கழித்து வேர் சுவரைத் தள்ளுகிறது என்று அழக்கூடாது. லிந்துலைக் குளிருக்கு மரத்தக்காளி நன்றாக வரும், வேலியோரம் ஒன்று போதும். லீக்ஸ் நாற்று, கரட் விதை, போஞ்சி விதை என்று கொடுத்தால் மூன்று நாலு மாதத்தில் கறியாகிவிடும்.

கொழும்பிலிருந்து வரும் உறவினர் ஒருவர், அழகான பெட்டியில் போட்ட தேயிலையை எங்களுக்குப் பரிசாகக் கொண்டுவந்தார். கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை என்று வீட்டில் சிரித்தோம். ஆனால் நாம் அவர்களுக்குக் கொடுப்பதற்கு அதைவிட நல்லது கிடையாது. திம்புள்ளைப் பக்கத்துத் தேயிலைக்கு வாசம் ஏறுவது ஜனவரி முதல் மார்ச் வரை, ஊவாப் பக்கத்துக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை. அந்தப் பருவத்துத் தேயிலையைக் காற்றுப் புகாத பழைய டின்னில் அடைத்துக் கொடுங்கள், டின்னைத் திருப்பிக் கேளுங்கள். நான் கேட்பேன். கூச்சப்பட்டதில்லை.

இனி அம்மா. அவர் உடுத்தாததற்குச் சேலை பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை. 'நல்லது கெட்டதுக்கு ஆகும்' என்று மடித்து, பாச்சை உருண்டை போட்டு வைக்கிறார். என் அம்மாவும் அப்படித்தான். இறந்த பிறகு பெட்டியைத் திறந்தால் மடிப்புக் கலையாமல் பதினாலு சேலை, ஒவ்வொன்றிலும் கொடுத்தவர் பேர் எழுதின துண்டுக் கடதாசி. அவற்றில் ஐந்து நான் கொடுத்தது. எங்களுக்குப் பெருமையாகவா இருந்தது?

தீபாவளிக்குப் புதுத்துணி இல்லாமல் இருக்க முடியாது என்பார். ஒரு நல்ல துவாய் எடுத்துக் கொடுங்கள், அதைத் தினமும் பாவிப்பார். கூடவே, 'தைப்பொங்கல் முடிஞ்சதும் ஒரு நாள் நானும் நீங்களும் ஹக்கலைக்குப் போறோம்' என்று நாளைக் குறித்துச் சொல்லிவிடுங்கள். தீபாவளி சமயத்தில் பின்னேர மழை விடாது. ஏப்ரலில் நுவரெலியாவில் கால் வைக்க இடமிருக்காது. தை, மாசியில் காலைக் குளிர் கடுமையாக இருந்தாலும் வெயில் தெளிவு. நுவரெலியாவுக்குப் போய், அங்கே வெலிமடை பஸ் ஏறினால் முதலில் சீத்தா எலிய அம்மன் கோயில். கும்பிட்டுவிட்டு அதே பாதையில் கொஞ்சம் தள்ளினால் ஹக்கலைப் பூங்கா. 1861இல் சிங்கோனா மரம் வளர்க்கத் தொடங்கின இடம் அது; காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொயினா அதன் பட்டையில்தான் எடுப்பார்கள். இதையெல்லாம் அம்மாவிடம் விளக்க வேண்டாம். முப்பது வருஷம் கொழுந்துக் கூடையோடு மலை ஏறின பெண், கூடை இல்லாமல் ஒரு மலையைச் சும்மா சுற்றிப் பார்த்திருப்பாரா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். பூப்போட்ட பாதையில் நடந்து, பெஞ்சில் உட்கார்ந்து, கட்டிக் கொண்டுபோன ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு வாருங்கள். முழங்கால் வலி என்றால் மேல் படிகளுக்கு ஏற வேண்டாம். அந்தப் பயணத்துக்கு உடுத்தவென்று பெட்டியிலிருந்து ஒரு சேலையை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். எடுப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

கட்டிலுக்கு அடியில் கிடக்கிற ஒன்பது கடிகாரத்துக்கும் ஒரு வழி சொல்கிறேன். முதலில் எல்லாவற்றிலும் பற்றரியைக் கழற்றுங்கள், ஒழுகி இரும்பைத் தின்றிருக்கும். ஓடுகிறவற்றைப் பிரித்து வையுங்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை மடுவத்திலும் கோயிலிலும் வாசிகசாலையிலும் கடிகாரம் தேவையா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்; கேட்காமல் கொண்டுபோய் வைத்தால் நம் குப்பையை அவர்கள் தலையில் கட்டுவதாகிவிடும். இரண்டு மூன்று மிஞ்சினால் திருத்துகிறவரிடம் உதிரிக்குக் கொடுத்துவிடலாம். தயவுசெய்து ஒன்றைக்கூடப் பளபளப்புத் தாளில் சுற்றி நாத்தனார் வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். உங்கள் கல்யாணத்துக்கு அதைக் கொடுத்தவர் அந்தச் சபையில்தான் உட்கார்ந்திருப்பார்.