ஐபேட் ஏர் ஐஓஎஸ் 12.5.7-க்கு மேல் ஏற மறுப்பது பற்றி

வணக்கம். உங்கள் ஐபேட் ஐஓஎஸ் 12.5.7 என்ற இயங்குதளப் பதிப்பிலேயே நிற்பதாகவும், நீங்கள் விரும்பும் செயலி பதிப்பு 15-ஐக் கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். பின்புறத்தில் ஏ1474 என்றிருப்பதால் அது 2013-இல் வந்த முதல் ஐபேட் ஏர். ஏ7 சில்லும் 1 ஜிபி நினைவகமும் கொண்ட அக்கருவியை, ஐஓஎஸ் 12-க்கு அடுத்து 2019-இல் வெளியான ஐபேட்ஓஎஸ் 13-இலிருந்தே ஆப்பிள் விலக்கிவிட்டது. ஆகவே ரீசெட் செய்வதாலோ கணினியில் இணைப்பதாலோ பயனில்லை. மேம்படுத்தித் தருவதாக எவரேனும் சொன்னால் தயவுசெய்து பணம் கொடுத்துவிடாதீர்கள்.

ஆயினும் ஒரு வழி உண்டு. அதே ஆப்பிள் ஐடியில் இயங்கும் புதிய ஐபோனிலோ ஐபேடிலோ அச்செயலியை ஒருமுறை நிறுவிய பின், பழைய ஐபேடின் ஆப் ஸ்டோரில் வாங்கியவற்றின் பட்டியலிலிருந்து அதை இறக்க முயன்றால், பொருந்தும் பழைய பதிப்பு இருக்குமாயின் அதை நிறுவலாமா என்று கேட்கும். வங்கிச் செயலி என்றால் நம்பிக்கை வைக்க வேண்டாம். பழைய பதிப்புகளை அவை பெரும்பாலும் உள்ளே விடுவதில்லை.