பழைய பைக்கில் கிளட்ச் நழுவுதா? கேள்வி பதில்

பாலக்கோடு: அண்ணா, 2006 ஸ்ப்ளெண்டர். ரெண்டு கிரேட் தக்காளி ஏத்தினா மேட்டுல ரேஸ் மட்டும் ஏறுது, வண்டி நகர மாட்டேங்குது. கிளட்ச் பிளேட் மாத்திடலாமா?

அதுக்குள்ள இன்ஜினைப் பிரிக்காதீங்க. முதல்ல கேபிளைப் பாருங்க. லிவர் நுனியில 10 முதல் 20 மி.மீ. வரை சும்மா ஆடணும், அதுக்கப்புறம்தான் கனம் தெரியணும். அந்த ஆட்டம் இல்லேன்னா, நீங்க லிவரைத் தொடாதபோதும் கிளட்ச் பாதி அழுத்தின மாதிரியே இருக்கும். பிளேட் தேயத் தேய இந்த ஆட்டம் தானாவே குறையும். அதனால போன வருஷம் சரியா வச்சிருந்தேன்னு விட்டுடக் கூடாது.

இன்ஜின் பக்கம் கேபிள் முடியற இடத்துல லாக் நட்டைத் தளர்த்தி ஆட்டத்தைச் சரி பண்ணுங்க. பிறகு ஹேண்டிலை இடது, வலது கடைசி வரை திருப்பிப் பாருங்க. ஏதாவது ஒரு பக்கம் ஆட்டம் காணாமப் போனா கேபிள் போற வழி தப்பு. லிவரை விட்டதும் டக்குனு திரும்பலேன்னா உள் கம்பி பிசிறு விட்டிருக்கும், கேபிளையே மாத்துங்க.

இதெல்லாம் சரியா இருந்தும் நழுவினா, கேபிளை நல்லாத் தளர்த்திட்டு ஒரு சின்ன மேட்டுல டாப் கியர்ல, 40 கி.மீ. வேகத்துல ஆக்சிலரேட்டரை முழுசா முறுக்குங்க. இன்ஜின் சத்தம் முதல்ல எகிறி, வேகம் பின்னாடி வந்தா கோளாறு உள்ளேதான்.

காவேரிப்பட்டணம்: போன வாரம்தான் ஆயில் மாத்தினேன். அன்னையிலிருந்துதான் நழுவுது சார்.

டப்பாவைத் திருப்பிப் பாருங்க. ஜாசோ (JASO, ஜப்பான் தரக்குறி) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கணும். எம்பி என்றிருந்தா அது ஸ்கூட்டருக்கானது. கார் ஆயில்கள் பலதுல உராய்வைக் குறைக்கிற சேர்மானம் உண்டு. காருக்கு அது நல்லது, ஆயில்லயே முங்கிக் கிடக்கிற பைக் கிளட்சுக்கு ஆகாது. சூடா இருக்கும்போதே முழுசா வடிச்சிட்டு, உங்க வண்டி மேனுவல்ல சொன்ன கிரேடுல எம்ஏ ஆயில் ஊத்துங்க. கொஞ்ச நாள் ஓட்டி இன்னொரு தரம் மாத்துங்க. பெரும்பாலும் பிடிச்சுக்கும். இல்லேன்னா பிளேட்டைக் கழற்றிக் கழுவணும்.

ஓசூர்: ஆர்எக்ஸ் 100. 2டி ஆயில் பிராண்ட் மாத்தினது காரணமா?

இல்லை. ஆர்எக்ஸ் 100 டூ ஸ்ட்ரோக் வண்டி, அதுல 2டி பெட்ரோலோட எரிஞ்சு போறது. கிளட்ச் கிடக்கிறது கியர்பாக்ஸ் ஆயில்ல. அதை எப்ப மாத்தினீங்கன்னு யோசிங்க.

தருமபுரி: பிளேட் மாத்தும்போது மெக்கானிக் என்ன செய்றாருன்னு எதை வச்சு கவனிக்கிறது?

நாலு விஷயம். ஒண்ணு, பழைய ஃப்ரிக்‌ஷன் பிளேட்டோட (உராய்வுப் பட்டை ஒட்டின பிளேட்) தடிமனை வெர்னியர் அளவுகோல்ல அளக்கச் சொல்லுங்க. புதுசை விட 0.3, 0.4 மி.மீ. குறைஞ்சிருந்தா மாத்தியே ஆகணும். ரெண்டு, அதுக்கு நடுநடுவே இருக்கிற ஸ்டீல் பிளேட்டைச் சமமான கண்ணாடி மேல வச்சு, 0.2 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) அடியில நுழையுதான்னு பார்க்கணும். நுழைஞ்சா வளைஞ்சுடுச்சு. நீலம் பாரிச்சிருந்தா சூட்டுல வெந்தது, அதையும் தூக்கிப் போடுங்க. வெறும் ஃப்ரிக்‌ஷன் பிளேட்டை மட்டும் மாத்தினா பாதி வேலைதான். மூணு, புது பிளேட்டை மாட்டறதுக்கு முன்னாடி, போடப்போற ஆயில்லயே ஊற வைக்கணும். நாலு, ஸ்பிரிங் போல்ட்டை எதிரெதிரா, கொஞ்சம் கொஞ்சமா முறுக்கணும். ஒரே பக்கம் இறுக்கினா அந்த போல்ட் இறங்குற அலுமினியத் தூண் (பாஸ்) உடைஞ்சுபோகும், அப்புறம் ஹப்பையே வாங்கணும்.

ஸ்ப்ளெண்டர்ல நடுவுல இருக்கிற நாலு வெட்டு நட்டுக்குத் தனி சாக்கெட் உண்டு. உளியும் சுத்தியலும் எடுத்தா அந்தக் கடையை விட்டு வண்டியை வெளியே தள்ளிட்டு வந்துடுங்க. கவர் திறந்ததோட கிராங்க் முனையில இருக்கிற ஆயில் ஃபில்டர் ரோட்டரையும் சுத்தம் பண்ணச் சொல்லுங்க. சேறு மாதிரி அப்பிக் கிடக்கும்.

பர்கூர்: ஸ்பிரிங்குக்கு அடியில வாஷர் போட்டா போதும்ங்கிறாங்களே?

வேண்டாம். கொஞ்ச நாளைக்குப் பிடிக்கும். லிவர் கல்லு மாதிரி ஆகி, கேபிள் சீக்கிரம் அறுந்துடும். வாஷர் தடிமனா இருந்தா, லிவர் பிடிக்கும்போது ஸ்பிரிங் சுருள்கள் ஒண்ணோட ஒண்ணு இடிச்சு, கிளட்ச் முழுசா விடாது. ஸ்பிரிங் நீளம் குறைஞ்சிருந்தா செட்டாப் புதுசு போடுங்க. பிளேட் விலையோட பார்த்தா அது சின்ன காசு.

தொப்பூர்: புது பிளேட், புது ஸ்பிரிங். தருமபுரி பக்கம் கணவாய் ஏறும்போது இன்னும் இழுக்கல.

சத்தம் எகிறலேன்னா அது கிளட்சே இல்லை. கார்புரேட்டர், ஏர் ஃபில்டர், கம்ப்ரெஷன், பிடிச்சுக்கிட்டிருக்கிற பிரேக் இதையெல்லாம் பாருங்க. கடக் கடக்னு தாவி, அப்புறம் இழுத்தா செயின் ஸ்ப்ராக்கெட் பல் கூராகியிருக்கும்.

வத்தல்மலை போய் வருபவர்: கொண்டை ஊசி வளைவுல பாதி கிளட்ச் பிடிச்சுதான் ஏத்துறேன். தப்பா?

வளைவுக்கு முன்னாடியே கியரைக் குறைச்சுட்டு, கிளட்சை முழுசா விட்டு ஏத்துங்க. பாதி பிடிச்சபடி ஏத்தினா அந்தச் சூட்டுல பிளேட் கருகும். இறங்கும்போது கிளட்சைப் பிடிச்சுக்கிட்டே வந்தா பிளேட்டுக்குத் தேய்மானம் அதிகம் இல்லை, ஆனா இன்ஜின் பிரேக் இல்லாம மொத்தப் பாரமும் டிரம் பிரேக் மேல விழும்.