பழைய கைபேசி ஏன் கசக்கிறது?

கேள்வி: நன்றாக வேலை செய்யும் என் கைபேசி, புது மாடலைப் பார்த்ததும் பழசாகத் தெரிகிறதே, ஏன்? – வாசகி, ஈரோடு

பதில்: அது உங்கள் குணக்கேடு அல்ல, சகோதரி, திட்டமிட்டு விதைத்த சலிப்பு. கார்களின் கதையைப் பாருங்கள். ஃபோர்டின் மாடல் டி கார் 1908 முதல் 1927 வரை விற்றது. அதில் பல ஆண்டுகள் கறுப்பு நிறம் மட்டுமே. 1927இல் ஃபோர்டின் போட்டி நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ், வடிவமைப்பாளர் ஹார்லி ஏர்ல் தலைமையில் கலைக்கும் வண்ணத்துக்கும் தனிப் பிரிவு தொடங்கியது. அதன் கார்களில் ஆண்டுதோறும் வளைவும் நிறமும் மாறின. பழுதில்லாத கார், பக்கத்து வீட்டில் புதியது வந்ததும் மங்கிப்போனது. எனக்கு இதில் கோபமே வருகிறது. நான் காபி குடிக்கும் பித்தளை டம்ளர் பாட்டி காலத்தது; அகன்ற விளிம்பைப் பிடித்தால் விரல் சுடாது. அடுத்த ஆண்டே நான் அதை வெறுக்க வேண்டும் என்று அதைச் செய்தவர் நினைக்கவில்லை. பேட்டரியை மட்டும் மாற்றிப் பாருங்கள்.